பைக்குள் என்ன என்று கேட்பவள்

ஸாதியாவும் நானும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறோம். காத்தான்குடியில் அவளும் நானும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கிறோம். பகலில் அவள் தன் வாப்பாவின் துணிக்கடையில் நிற்பாள். மற்ற நேரமெல்லாம் கைப்பேசியில் ஒரு வலைப்பதிவு நடத்துவாள். அது என்ன வேலை என்று அவளுடைய உம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

'நீரடி நாடு' என்று இணையத்தில் ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. வாவிக்கு அடியில் மனிதர்கள் வாழும் ஒரு நாடு. வரைந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதை விரும்பிப் படித்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஸாதியாவின் வலைப்பதிவில் தாங்களே தொடர்ந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே எழுதுவார்கள். உண்மைப் பெயரைக் கேட்கக் கூடாது, தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. புதிதாக வரும் பாத்திரங்களைச் சோதித்து உள்ளே விடுவது ஸாதியாவின் பொறுப்பு. கதையிலும் அவள், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தில் நிற்கும் வாசல்காரி. வாசல்காரி கேட்டால் பொய் சொல்லக் கூடாது. இதுவும் விதி.

பாத்திரம் எழுதுவதென்றால் ஸாதியா சும்மா இருந்து யோசிக்கமாட்டாள், போய்ப் பார்ப்பாள். வயற்காவல்காரன் ஒருவனை எழுத, வவுணதீவில் ஒரு வயல்வட்டைக்குள் இறங்கி, காவல் இருப்பவர் எப்படிக் குரல் கொடுக்கிறார் என்று கேட்டுவந்தாள். தச்சன் ஒருவனை எழுத, மட்டக்களப்பு நகரில் றூபெர்ட் அங்கிளின் தச்சுப் பட்டறைக்குப் பல நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"மகள், கதவு வாங்க வந்தீங்களா, என்னை வாங்க வந்தீங்களா?" என்று அவர் சிரிப்பார். பலகை சீவுவதற்குத் தன் பாட்டனார் செய்த, மான்கொம்புப் பிடி போட்ட சின்ன இழைப்புளியைக்கூட அவள் கையில் தந்தார். அவருடைய மகன் கிளென் பலகையை இழைத்தபடி, நாங்கள் வலைப்பதிவைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். வாய் திறக்கமாட்டான்.

புதிதாக வருபவர்களிடம் ஸாதியா முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பாத்திரத்தின் பைக்குள் என்ன இருக்கிறது? அநேகம்பேர் வாள் என்பார்கள், மந்திர மோதிரம் என்பார்கள். அவளுக்குக் கோபம் வரும். "வாள் வச்சிரிக்கான், போர்த்திப் படுக்க ஒரு துணி வச்சிரிக்கானா? திருப்பி அனுப்பு புள்ள!"

போன மாதம் 'ஒற்றையன்' என்று ஒரு பாத்திரம் வந்தது. நாட்டை விட்டுப் படகில் போகப்போகிறவன். அவன் பைக்குள் வாந்தி மாத்திரை, தேசிக்காய் என்கிற எலுமிச்சை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ், மான்கொம்புப் பிடி போட்ட ஓர் இழைப்புளி.

ஸாதியா துள்ளினாள். "இதுதான்டி பாத்திரம்! தேசிக்காயப் பாரு. தலை சுத்தினா மணந்து பாக்க!" உடனே அனுமதியும் கொடுத்துவிட்டாள்.

நான் பகிடியாகத்தான் கேட்டேன். "தண்ணிக்கு அடியில வாழுறவனுக்கு ஏன்டி வாந்தி மாத்திரை?"

அவள் சிரிக்கவில்லை. பட்டியலைத் திரும்பப் படித்தாள். இழைப்புளிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. "நஸ்ஹா, இத நான் கையில புடிச்சிரிக்கன்" என்றாள்.

கல்குடாப் பக்கமிருந்து வெளிநாட்டுக்குக் களவாகப் போன படகுகளைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். பிடிபட்டுத் திரும்பியவர்களைத் தெரியும். ஒரு தகவலும் வராத வீடுகளையும் தெரியும்.

அவள் வாசல்காரியாக ஒற்றையனுக்கு எழுதினாள்.

"எப்போது போகிறாய்?"

"இன்று அந்தியில் வண்டி வரும்."

"யாரிடம் சொன்னாய்?"

"ஒருவரிடமும் இல்லை. சொன்னால் அப்பா வாசலில் இருந்துவிடுவார்."

"நீந்துவாயா?"

பதில் வரச் சுணங்கியது. பிறகு ஒரே சொல் வந்தது: "இல்லை."

பின்னேர அஸர் தொழுகை நேரமும் தாண்டியிருந்தது. ஸ்கூட்டியில் ஏறினோம். கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசல். "விதி என்னடி ஆகும்? வெளியில சொல்லக் கூடாதே" என்றேன். "நான் சொல்ல மாட்டன்" என்றாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

பட்டறையில் றூபெர்ட் அங்கிள் மரச்சுருள்களைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். "வாங்க மகள். என்ட சின்ன இழைப்புளியக் கண்டீங்களா? காலையில இருந்து தேடுறன். கிளெனுக்கும் தெரியாதாம்."

கிளென் எங்களைக் கண்டதும் வெளிறிப்போனான். ஸாதியா அவன் முன்னால் போய் நின்றாள்.

"வாசல்காரி வந்திரிக்கன். பைக்குள்ள என்ன?"

"அது விளையாட்டு" என்றான் மெதுவாக. "வெளியில சொல்லுறதில்ல எண்டு நீங்கதானே விதி வச்சீங்க?"

"ஓம். அதாலதான் நான் சொல்லல்ல. நீங்க சொல்லுங்க. என்ட வாசல்ல பொய் சொல்ல ஏலாது."

"போங்க. கடைக்குப் போய்த் துணிய அளங்க."

"தேசிக்காய் விளையாட்டில்ல கிளென். நீங்க நீந்தவும் மாட்டீங்க."

"என்னடா பை?" என்றார் றூபெர்ட் அங்கிள்.

கிளென் அடுக்கியிருந்த பலகைகளின் பின்னால் கைவிட்டு ஒரு பையை இழுத்துத் தகப்பனின் காலடியில் போட்டான். அவர் திறந்தார். "ஆ, இங்கயா கிடக்கு!" என்று இழைப்புளியை எடுத்தபோது முகம் மலர்ந்தது. பிறகுதான் மிச்சத்தைப் பார்த்தார். ஒரு தேசிக்காய் உருண்டு மரச்சுருளுக்குள் போனது. மாத்திரையைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஏசவில்லை. இழைப்புளியோடு போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தார்.

மேசையில் கிளெனின் போன் அதிர்ந்தது.

"டடி, எழும்புங்க. ரோட்டில ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

"இஞ்ச இருந்து நான் என்ன செய்ய? ஆர் இப்ப மரக்கதவு வாங்கிறான்?"

"தெரியாடா. போறதெண்டா என்னைத் தாண்டிப் போ."

போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது. சந்தியில் ஒரு வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கிளென் போனுக்குக் கை நீட்டினான். ஸாதியா என் மணிக்கட்டை நோக நோகப் பிடித்திருந்தாள். தகப்பன் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவருடைய முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. வான் இன்னொருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. கிளென் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஒற்றையன் பாத்திரத்தை அவன் அழித்துவிட்டான். ஸாதியாவோடு இன்றுவரை பேசுவதில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு பாத்திரம் வந்தால் அதைத் திறக்க இப்போது பயப்படுகிறாள், என்னையும் பக்கத்தில் இருக்கச் சொல்கிறாள்.

நேற்றும் ஒன்று வந்தது. பைக்குள் என்ன என்று கேட்டுவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பதில் வந்ததும் ஸாதியா கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"வாள்தான் புள்ள" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ், வாள்தான்."