மாதா படத்துக்குக் கீழே ஒரு கூடு

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒரு குளவி மண்கூடு கட்டியது. அப்போது பள்ளிபாளையத்தில் இருந்தோம். அப்பா தறி ஓட்டினார். அம்மாவுக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளை தங்கவில்லை.

அத்தை கூட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "குளவி ஊட்டுக்குள்ள கூடு கட்டுனா கொழந்த தங்கும். யாரும் தொட்டுப்போடாதீங்க."

அன்றிலிருந்து அந்தச் சுவரில் ஒட்டடை அடிக்கவில்லை. அப்பா டேபிள் ஃபேனைக்கூட வேறு பக்கம் திருப்பி வைத்தார். "என்னைய விடக் குளவிக்குத்தான் கவனிப்பு பலமா இருக்குதுங்க" என்று அம்மா சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்தது அவ்வளவுதான்.

கடவுள் படைத்ததெல்லாம் நல்லது என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொன்னார். நான் நம்பினேன். ஆனால் குளவி பச்சைப் புழுக்களைத் தூக்கி வந்து கூட்டுக்குள் வைத்து அடைப்பதைப் பார்த்திருந்தேன். அவை உள்ளே என்ன செய்கின்றன என்று தெரியவேண்டும். ஒரு மத்தியானம் அம்மா தூங்கும்போது ஸ்பூனால் கூட்டைப் பெயர்த்தேன்.

புழுக்கள் சாகவில்லை. நகரவும் முடியவில்லை. தொட்டால் நுனி மட்டும் துடித்தது. ஒன்றின் வயிற்றில் குளவியின் குஞ்சு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, அதை உயிரோடு தின்றது. முழுசாக இருந்த புழுக்களை முருங்கை இலையில் விட்டேன். கிடந்த இடத்திலேயே கிடந்தன. எறும்பு வந்து இழுத்துப்போனது.

தின்னப்பட்டதைத் தீப்பெட்டியில் வைத்து சாமியாரிடம் கொண்டுபோனேன்.

"இதுவும் நல்லதுங்களா சாமி?"

தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆதாம் பாவம் செய்த பிறகுதான் உலகத்தில் வேதனை வந்தது என்றார்.

"புழுவும் அந்தப் பழத்தத் தின்னுச்சுங்களா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. மனிதன் வருவதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே குளவி இப்படித்தான் தின்றது என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு."

ஏழாம் மாதமே அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. பையன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். வாயில் குழாய். நான் பார்த்தபோது கால் விரல் மட்டும் துடித்தது.

அடக்கம் முடிந்து சாமியார் வீட்டுக்கு வந்தார். கூடு போனதை அன்றைக்கே கண்டுபிடித்திருந்த அத்தை என்னை அவர் முன்னால் தள்ளினாள். "எல்லாம் இவ கூட்ட இடிச்சதுனாலதானுங்க சாமி."

"குளவிக்கும் கொழந்தைக்கும் என்னம்மா சம்பந்தம்? சின்னப் புள்ளமேல பழி போடாதீங்க."

பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா கேட்டாள்: "அப்ப எதனாலதானுங்க சாமி?"

அவர் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்குச் சந்தோசம். அதற்குப் பிறகு கோயிலில் அம்மா ஏன் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று புரியவில்லை.

அடுத்த வருடம் குளவி அதே இடத்துக்கு மண் கொண்டுவந்தது. அம்மா ஈரத்திலேயே துணியால் துடைத்துவிட்டாள். மறுபடி கொண்டுவந்தது. மறுபடி துடைத்தாள். பத்து நாள் இப்படி. அப்பா பார்ப்பார். தறிக்குப் போய்விடுவார்.

சுவர் அழுக்காகிறது என்றுதான் துடைக்கிறாள் என்று நினைத்தேன். உதவி செய்யலாமென்று நானும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என்னைச் சுவரைத் தொடவிடாமல் அதையும் வாங்கிக்கொண்டாள்.