கருவாட்டுப் பாயில் வேலைக் கடிதம்

பிள்ளைகளே, கொழும்பு மழை என் முதுகுப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது. இங்கே திருகோணமலைக் கடற்கரையிலோ மணல் காலைச் சுடுகிறது. துறைமுக வேலைக்கு வரச்சொன்ன கடிதத்தை எடுக்கிறேன். நாலாக மடித்தபடியே நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. மத்தியானத்துக்குள் துறைமுக அலுவலகத்தில், அதான் கந்தோரில், காட்ட வேண்டும். அதை மணலில் விரிக்கப் போகிறேன்.

"ஐயோ தம்பி, ஒரு பக்கம் மட்டும் காஞ்சா சுருண்டு போகும்!"

கருவாடு காயவைக்கும் கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர்தான் கத்துகிறார்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'காக்கா' என்பார்கள். கடிதத்தை வாங்கிக் கிழியாமல் பிரித்து, தன் பாயில் மீன்களுக்கு நடுவே வைக்கிறார். மீனைப் புரட்டும்போதெல்லாம் அதையும் புரட்டுகிறார்.

"மணக்குமே காக்கா?"

"மணந்தா என்ன? கடற்கரையில வேலைக்கு வந்த ஆள்தானே நீங்க!"

கடிதம் சுருளாமல் காய்ந்துவிட்டது. எழுத்தும் அழியவில்லை. சட்டைப் பையில் வைத்துக் கந்தோருக்கு நடக்கிறேன்; பின்னால் ஒரு பூனையும் வருகிறது. அப்பாவுக்கு வேலை நிச்சயம். நீங்கள் வரும்போது குடை கொண்டுவர வேண்டாம்.