ஆத்தாவிடம் மறுபடி கேட்கச் சொன்னவர்

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய சேலத்து பஸ்ஸின் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "டீச்சரம்மா, நம்ம கண் டாக்டர் காலையில தவறிட்டாருங்க" என்றார். வகுப்பைத் தலைமையாசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு அந்த பஸ்ஸிலேயே கிளம்பினேன். சேலத்தில் அவர் வீடிருந்த செவ்வாய்ப்பேட்டையில் இறங்கியபோதுதான் கையில் இன்னும் சாக்பீஸ் இருப்பது தெரிந்தது. டாக்டர் கனகசபை அவர்களை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதை நான் எழுதுவது அவர் காப்பாற்றிக் கொடுத்த வலக்கண்ணால்தான்.

யுத்தத்துக்கு முன்னால், மல்லசமுத்திரத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். மண்டையைப் பிளக்கும் தலைவலி. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிவிட்டுத் திரும்ப வரும். இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். இடக்கண் மங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் சேலத்துக்கு அவரிடம் போனோம். வெளிச்சம் பாய்ச்சும் சிறிய கருவியால் என் கண்ணுக்குள் பார்த்தவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"இது கண்ணாடி போட்டுத் தீர்றதில்லீங்க. தலைக்குள்ள நீரழுத்தம் ஏறி, கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற நரம்பை நசுக்குது. நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்குது. அதுல சின்னதா ஒரு கீறல் போட்டா நீர் வடியும், நரம்பு பொழச்சுக்கும். போன பார்வை திரும்பாதுங்க. இருக்கிறதைக் காப்பாத்தலாம். இதுக்கு முன்னாடி ஒருத்தருக்குத்தான் செஞ்சிருக்கேன்."

அந்தக் கீறலைப் போட ஆட்டுத்தலைகளை வாங்கி அவற்றின் கண்ணில் பழகிக்கொண்டாராம். சுத்த சைவரான டாக்டர் கசாப்புக் கடைக்கு ஆளனுப்புகிறார் என்று பேட்டை முழுக்க ஒரே பேச்சு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

சிகிச்சைக்கு அவர் குறித்த நாளில் நாங்கள் போகவில்லை. எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்பது வழக்கம். வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன் வைப்பார்கள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எனக்குச் சிவப்பு வந்துவிட்டது. என் கதை முடிந்தது என்று கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு டாக்டரின் மோட்டார் வந்து நின்றது. நாங்கள் வராததால் அவரே தேடி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் அப்பாவிடம் வந்தார்.

"ஆத்தா வேண்டாம்னுட்டாங்க சாமி" என்றார் அப்பா.

"என்னன்னு கேட்டீங்க?"

"கண்ணை அறுக்கலாமான்னு கேட்டனுங்க."

"ஆத்தா சொன்னது சரிதானுங்க. கண்ணை அறுக்க நானே சம்மதிக்க மாட்டேன். நான் கீறப்போறது பின்னாடி இருக்கிற உறையை. இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாமான்னு கேளுங்க. சீக்கிரம் கேளுங்க, நாள் போகப் போகப் பார்வையும் போகுது."

அப்பா மறுபடி பொட்டலம் கட்டினார். ஊரே சுற்றி நின்றது. பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். என் மங்கல் கண்ணுக்கே தெரிந்தது, வெள்ளை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். டாக்டர் அதற்குள் மோட்டாரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

இடக்கண்ணுக்குக் காலம் கடந்திருந்தது; மறுநாளே வலக்கண்ணில் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று, "என்னங்க தெரியுது?" என்று கேட்டார்.

"உங்க மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்குதுங்க" என்றேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பின்னாளில் ஒருமுறை, "அன்னைக்கு ரெண்டாந்தடவையும் சிவப்பு வந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"இன்னொரு தடவை கேக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

அவர் தவறிய அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, அவரை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியை யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள். அப்போதும் அது சாய்ந்துதான் இருந்தது. மெல்ல நிமிர்த்தி வைத்தேன். வழியில் பறித்துப் போயிருந்த வெள்ளரளியைப் பொட்டலம் கட்டாமல் அப்படியே அவர் காலடியில் வைத்தேன். போய் வாருங்கள் டாக்டர். இனி ஆத்தாவிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.