நாலாவது மாடிப் பாடம்

மருத்துவமனை லிஃப்டுக்குள் ஒரு மர ஸ்டூல்; ஸ்டூலுக்கு அடியில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். இரண்டும் லிஃப்ட்காரருடையவை. பட்டனைத் தொட்டால் தானே ஓடும் லிஃப்ட் வரப்போகிறது. அதற்குள் பத்தாவது தேறினால் அவருக்கு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. இல்லையென்றால் வீட்டோடு இருக்கலாம். மற்ற பாடங்கள் தேறியாயிற்று. அறிவியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது.

முதல் முறை, புத்தகம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தார். மனைவி புரட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, புத்தகத்துக்கு மஞ்சள் காமாலையா? உங்க நாலாவது மாடி வார்டுல சேத்துடுங்க."

அடுத்த வருஷம் அந்த வார்டில் அவளே படுத்தாள். ஒரு மதியம் அவளை வெள்ளைத் துணியால் முகம் மூடிக் கீழே இறக்கிக் கொண்டுவந்ததும் அவர்தான். கதவைச் சாத்தினார்; தரைமட்டத்துக்குச் சரியாக நிறுத்தினார். அதற்குப் பிறகு பசியோ கோபமோ அழுகையோ அவரிடம் வரவில்லை. இரண்டாவது தேர்வில் என்ன எழுதினார் என்பதே ஞாபகமில்லை.

பதினொன்றாவது படிக்கும் மகள்தான் சொன்னாள்: "பாத்துக்கிட்டே படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான்ப்பா இருக்கும். மூடி வச்சுட்டுச் சொல்லுங்க. தடுமாறினா திறந்து பாருங்க. ஒரே பாடத்தைக் கட்டிக்கிட்டு அழாம மாத்தி மாத்திப் படிங்க."

மாடிக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டார். ஒன்றுக்கு ஒளி, இரண்டுக்கு மின்சாரம், மூன்றுக்கு அமிலம், நாலுக்கு இதயம். யார் எந்த மாடிக்கு ஏறுகிறார்களோ அந்தப் பாடத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவார். தடுமாறினால், ஆள் இறங்கியதும் புத்தகம்.

"அண்ணே, மூணாவதுக்குப் போறோமா?" என்பார் நர்ஸ். "மூஞ்சியிலயே அமிலம் தெரியுதே!"

வீட்டில் மகள் கேள்வி கேட்டாள். மூன்று பாடங்கள் மளமளவென்று வந்தன. இதயம் வந்ததும் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"அந்த மாடிக்குப் போறப்ப ஒண்ணும் ஓடாதும்மா."

"போன ரெண்டு தடவையும் அந்தப் பாடத்துலதானேப்பா பெரிய கேள்வி வந்துச்சு?"

மறுநாள் பள்ளி விட்டதும் சீருடையோடு லிஃப்டில் ஏறினாள். "நாலு," என்றாள்.

மேலே கதவு திறந்தது. வார்டின் மருந்து நெடி உள்ளே வந்தது. யாரும் ஏறவில்லை.

"சொல்லுங்கப்பா."

"உடம்புல இருந்து வர்ற ரத்தம் மொதல்ல வலது மேலறைக்கு. அங்கிருந்து வலது கீழறைக்கு. அப்புறம் நுரையீரலுக்கு..."

"நடுவுல வால்வை விட்டுட்டீங்க. மறுபடியும்."

கீழே போய் மறுபடி மேலே வந்தார்கள். பிசகில்லாமல் வரும்வரை அவள் விடவில்லை. கடைசியில் பிசகில்லாமல் சொன்னார். மகள் மூக்கை உறிஞ்சினாள். அவர் கண் காய்ந்தே இருந்தது.

தேர்வில் அமிலம் தகராறு செய்தது. பெரிய கேள்வி இதயம். படம் போட்டு, வால்வையும் மறக்காமல் குறித்தார். தேறினார்.

முடிவைப் பார்த்த மகள் போனும் கையுமாகக் குதித்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சந்தோஷமா இல்லையாப்பா?"

யோசித்துப் பார்த்தார்.

"மேல எங்கயோ நிக்குது போலம்மா. பட்டனை அமுக்கிக் கூப்பிட்டிருக்கேன்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டை எடுத்துவைத்துக்கொண்டாள்.