தறிச் சத்தத்தில் தூங்கியவன்

என் தங்கைக்கு வாய் சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம். நான் அவளுக்கு நேர் எதிர். துணிக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்று வாயை விற்றுப் பிழைப்பவள். பச்சை கேட்டு வந்தவர் தலையில் நீலத்தைக் கட்டி, சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் எப்படி இப்படி ஆனோம் என்று கேட்டால், பழியை அவள் வேலை பார்க்கும் இடத்தின் மேல்தான் போட வேண்டும்.

அவள் விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறாள். அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால் அங்கே எல்லாப் பேச்சும் கையில்தான். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். இல்லாத தாடியைத் தடவினால் மேஸ்திரி வருகிறார், நேராக நில். மாப்பிள்ளையும் அதே கூடத்தில் எதிர் வரிசையில் தறி ஓட்டுகிறவர்தான். இருவரும் காதலித்ததைக் கூடமே வேடிக்கை பார்த்தது. ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை.

கல்யாணமான பிறகு கூடத்தின் சுவரை ஒட்டிய ஓர் அறையில் குடியேறினார்கள். பழக்கமும் கூடவே குடிவந்தது. புருஷனைக் கூப்பிட வேண்டுமா, மேசையைத் தட்டுவாள். அவருக்குத் தண்ணீர் வேண்டுமா, அவள் தோளைத் தொட்டுக் கட்டை விரலை வாயருகே காட்டுவார். நான் போனால் மூன்று பேருக்கும் சேர்த்து நானே பேசிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வருவேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் பையன் பிறந்தான். கன்னமும் தொப்பையுமாக, பார்த்தவுடன் கிள்ளத் தோன்றும் பிள்ளை. நான் அவனைத் தொப்பை என்றே கூப்பிட்டேன். இரண்டு வீட்டாரும் சண்டை போட்டு, சமாதானமாகி, நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அது தடுப்பூசி அட்டையில் பத்திரமாக இருந்தது.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது நானும் போனேன். டாக்டர் அம்மா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே கேள்வி கேட்கிறவர்.

"பால் நல்லாக் குடிக்கிறானா?"

தங்கை தலையாட்டினாள்.

"நல்லாத் தூங்குறானா?"

அதற்கும் தலையாட்டல்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?"

இவள் விரல்களை விரித்துக் காட்டினாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, பேச்சு வராதா?"

"வரும் டாக்டர்," என்றேன். "கிளம்பி வந்து சேர நாலு நாள் ஆகும்."

அன்றிலிருந்து நான்தான் அந்தக் குடும்பத்தின் வாய். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போவேன். ஆனால் வேலையெல்லாம் தங்கைதான் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். எந்த ஊசிக்குக் காய்ச்சல் வரும், எந்தச் சொட்டு மருந்தைத் துப்புவான், துப்பினால் என்ன செய்வது, எடை போடும்போது எந்தப் பக்கம் திரும்பி உதைப்பான் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாப்பிள்ளையின் வேலை, ஊசி போடும்போது பையனின் காலைப் பிடித்துக்கொள்வது. காலைப் பிடித்துக்கொண்டு தன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "குத்துறது உங்களுக்கு இல்லீங்க, கண்ணைத் திறங்க," என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு குழந்தை அழுதால் போதும், அடுத்தது தொடங்கும், பிறகு எல்லாமாகச் சேர்ந்து கூரையைப் பிளக்கும். எங்கள் தொப்பை மட்டும் அசையாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் முகம் சுளித்தால் தங்கை விரல்களை அவன் கண்ணுக்கு எதிரே நூல் திரிப்பதுபோல ஆட்டுவாள். உடனே மகுடிக்கு மயங்கிய பாம்பாகிவிடுவான். "இதுதான் பிள்ளை! மத்ததெல்லாம் சைரன்," என்பார் நர்ஸ். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன், என் சட்டைக்குக் காலர் இல்லாவிட்டாலும்.

ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனோம். எடை சரி, பல் இரண்டு, உட்காருகிறான், தவழ்கிறான், டாக்டரின் கண்ணாடியைப் பிடுங்குகிறான். எல்லாம் பார்த்து முடித்த டாக்டர் நர்ஸுக்குக் கண் காட்டினார். நர்ஸ் பையனுக்குப் பின்னால் போய் ஒரு சின்ன மணியை ஆட்டினார். அவன் திரும்பவில்லை. இன்னொரு பக்கம் ஆட்டினார். திரும்பவில்லை. டாக்டரே எழுந்து வந்து கை தட்டினார். அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா?"

தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? தொட்டிலைத் தட்டுவார்கள், அவன் பார்ப்பான். அவ்வளவுதான்.

டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். பிறந்தவுடன் செய்திருக்க வேண்டிய காதுச் சோதனை, அப்போது கருவி பழுதாகி இருந்ததால் விட்டுப்போயிருந்தது. "பயப்படாதீங்க. ஆனா இதைத் தள்ளிப் போடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில காதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, அடுத்த வாரமே எழுதித் தரேன்," என்றார்.

பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது. இத்தனை மாதமாக நர்ஸ் சொன்ன 'இதுதான் பிள்ளை' இப்போது வேறு மாதிரிக் கேட்டது. பிள்ளை சமத்தா, அல்லது மற்ற குழந்தைகள் அழுவது அவன் காதில் விழவே இல்லையா? நான் அத்தனை தடவை தொப்பை, தொப்பை என்று கத்திக்கொண்டு போனேனே, ஒரு தடவையாவது என் குரலுக்குத் திரும்பினானா? யோசித்துப் பார்த்தேன். திரும்புவதற்கு நான் எங்கே நேரம் கொடுத்தேன்? கத்திக்கொண்டே போய் அள்ளிக்கொள்வேன்.

அந்த வாரம் அந்த அறையில் ஓட்டை உடைசல் பாத்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவன் முதுகுக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி தடதடத்துக்கொண்டிருந்தது. எனக்கே தட்டு விழுந்தது கேட்கவில்லை, அவன் என்னத்துக்குத் திரும்பப் போகிறான்? ஆனால் பயந்தவர்களிடம் நியாயம் பேச முடியுமா?

"கரன்ட் போனா முழிச்சுக்குவான்க்கா," என்றார் மாப்பிள்ளை திடீரென்று. "தறி நின்ன உடனே முழிச்சு அழுவான். காது கேக்கலைன்னா எப்படி முழிப்பான்?"

எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே தங்கை அதைப் பறித்துக்கொண்டாள். "கரன்ட் போனா ஃபேனும்தான் நிக்கும். வேர்த்து முழிச்சிருப்பான்."

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். என் ஆயுளில் அவள் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. "வயித்துல இருக்கும்போது ஏழு மாசம் வரைக்கும் தறி ஓட்டினேன்க்கா. லீவு கேட்டா தறியை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னு ஓட்டினேன். பொறந்ததும் இந்தச் சுவத்துப் பக்கத்துலயே தொட்டில் கட்டினேன். சத்தம் கேட்டா தூங்குறான், நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். அவன் காதை நானே கெடுத்துட்டேனா?"

அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காதுச் சோதனை அறை தனியாக இருந்தது. சுவர் முழுக்க மெத்தை வைத்துத் தைத்ததுபோல இருந்தது. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி, பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குரங்குப் பொம்மை. சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்பினால் விளக்கு எரிந்து குரங்கு மேளம் தட்டும் என்று சோதனை செய்யும் பெண் சொன்னார். கல்லூரி முடித்து நேராக வந்தவர்போல இருந்தார், ஆனால் குழந்தைகளிடம் பழகிய கை. பையனைக் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தங்கையை இருத்திவிட்டு, என்னையும் மாப்பிள்ளையையும் கண்ணாடிக்கு வெளியே தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

முதல் சத்தம் போட்டார். எங்களுக்கு அது கேட்காது. அவர் முன்னால் இருந்த விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். தொப்பை திரும்பவில்லை. அடுத்தது. திரும்பவில்லை. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குக் கண்ணீர் வந்தது. வலியிலா, பயத்திலா, தெரியவில்லை.

அந்தப் பெண் உள்ளே கூர்ந்து பார்த்தார். பிறகு மைக்கில், "அம்மா, கையில என்ன பண்றீங்க?" என்றார்.

தங்கை குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரல்கள் நூல் திரித்துக்கொண்டிருந்தன. பிள்ளை அழாமல் சமத்தாக இருக்க வேண்டும் என்று, பதற்றத்தில் தன்னை அறியாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவனும் உலகத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு மணி அடிச்சப்பவும் இதைத்தான் பண்ணேன்," என்றாள் அவள் மெல்ல. மைக்கில் தெளிவாகக் கேட்டது.

"கை மேல உக்காந்துக்கோங்க," என்றார் அந்தப் பெண்.

தங்கை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்தாள். பையன் கையைத் தேடினான். அம்மாவின் மடியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அங்கேயும் ஒரு சேதியும் இல்லை. அப்போதுதான் அறையின் அமைதி அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உதடு பிதுங்கியது. பிறந்ததிலிருந்து இப்படிச் சத்தமே இல்லாத இடத்தில் அவன் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை.

அந்தப் பெண்ணின் முன்னால் இருந்த விளக்கு எரிந்தது. தொப்பை சடக்கென்று வலது பக்கம் திரும்பினான். குரங்கு மேளம் தட்டியது. வாயைப் பிளந்தான். இடது பக்கம் போட்டார். திரும்பினான். குறைத்துப் போட்டார், இன்னும் குறைத்துப் போட்டார், ஒவ்வொன்றுக்கும் திரும்பினான். கடைசியில் குரங்கு வரும் பக்கத்தை முன்கூட்டியே பார்த்து ஏமாற்றப் பார்த்தான். இவர் வேண்டுமென்றே மறுபக்கம் போட்டார். அதற்கும் திரும்பினான், கொஞ்சம் கோபமாக.

மாப்பிள்ளை கண்ணை மூடவில்லை. அழுதுகொண்டே திறந்து வைத்திருந்தார்.

கருவியை வைத்துக் காதுக்குள்ளும் சோதித்து, வீட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கிருந்த காது டாக்டர் சொன்னார். "ரெண்டு காதும் நல்லாக் கேக்குது. சத்தத்துலயே வளர்ந்ததுனால, சத்தம்னா பொருட்டில்லைன்னு விட்டுட்டான். எல்லாச் சேதியும் கையிலதான் வருது, அதனால கண்ணை மட்டும் தீட்டி வச்சிருக்கான். கெட்டிக்காரன்தான். ஆனா தொட்டிலை அந்தச் சுவத்தை விட்டு எடுங்க, முடிஞ்சா அந்த வீட்டையே விட்டு எடுங்க. அந்தச் சத்தம் எந்தக் காதுக்கும் நல்லதில்ல. உங்க ரெண்டு பேர் காதையும் ஒருநாள் வந்து காட்டுங்க. அப்புறம் பேசுங்க. நீங்க பேசாம இவனுக்கு எங்கேருந்து பேச்சு வரும்?"

"என்ன பேசுறது டாக்டர்?" என்று கேட்டாள் தங்கை. கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"என்ன வேணா பேசுங்க. கண்ணுல படுறதைச் சொல்லுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். மேடையேறப் போகிறவள்போல இருந்தது. நான் உதவிக்கு வாயைத் திறந்தேன். "அக்கா, நீ சும்மா இரு," என்றாள். "இவ்வளவு நாள் நீ பேசியாச்சு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தொடங்கினாள். "அது பஸ்ஸு. நாமளும் பஸ்லதான் போறோம். அது மரம். அது நாய். அது... இன்னொரு நாய். அந்தத் தாத்தா குடையை மறந்துட்டுப் போறாரு பாரு." முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவள் கவலைப்படவில்லை. கடை, சைக்கிள், மதில் மேல் காயும் போர்வை, சிவப்பு விளக்கு, விளக்கு ஏன் சிவப்பாக இருக்கிறது என்பதற்கு ஒரு தப்பான காரணம், எல்லாவற்றையும் சொன்னாள். இடையிடையே அவன் பெயரைச் சொன்னாள், அட்டையில் இருந்த அந்த நீளப் பெயரை, முழுசாக. தொப்பை அவள் கையைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தான்.

எங்கள் நிறுத்தம் வந்தது. மாப்பிள்ளை எழுந்து வழக்கம்போல அவள் தோளைத் தட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டினார்.

தங்கை எழுந்திருக்கவில்லை.

"வாயைத் திறந்து சொல்லுங்க," என்றாள். "பையன் கேட்டுட்டு இருக்கான்."