கடைசி அறை இல்லாத கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். வெள்ளையடிக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை, அது வேறு கதை. பழைய வாளி ஒன்றுக்குள் ஒயர்களெல்லாம் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடந்தன. அதில் ஒன்றை உருவினேன். ஒரு முனை பென்டிரைவ் முனை. மறுமுனை சின்னதாக, உப்பலாக, அந்தக் காலத்துக் கேமராக்களுக்கென்றே இருந்த முனை. முகர்ந்து பார்த்தேன். ஒயரை யாராவது முகர்வார்களா என்று கேட்காதீர்கள், நான் முகர்வேன். ரப்பர் வாசம். கூடவே மல்லிகை வாசமும் வந்தது. ஒயரில் மல்லிகை எப்படி மணக்கும்? மூக்கு எனக்கு முன்னால் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் சென்டர், பூ மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடியில் இருந்தது. காலையில் மல்லிகை மணக்கும். மதியம் ஜெராக்ஸ் மிஷினின் சூட்டு வாசம். சாயங்காலம் கீழே பரோட்டாக் கல் சூடேறியதும் எங்கள் மூவருக்கும், அதாவது எனக்கும் முதலாளி மேரி அக்காவுக்கும் ஜன்னலோரப் பூனைக்கும், வேலையில் கவனம் போய்விடும்.

அது பென்டிரைவ் வைரஸ்களின் பொற்காலம். ஊரில் எவர் பென்டிரைவைச் சொருகினாலும் கூடவே ஒரு வைரஸ் இறங்கும். ஒருநாள் மேரி அக்கா பொறுமை இழந்தார்.

"ஏ புள்ள, இந்தச் சளி காச்சல் வராத மிஷின்னு ஏதோ சொன்னியே, அதப் போட்டுத் தொலை."

மூலையில் கிடந்த ஒரு மிஷினில் விண்டோஸை எடுத்துவிட்டு, உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிற லினக்ஸைப் போட்டேன். பார்க்க வேறு மாதிரி இருந்ததால் வாடிக்கையாளர்கள் அதன் பக்கமே வரவில்லை. அதனால் அது என் மிஷின் ஆயிற்று. "அந்தப் புள்ளைக்கு லினக்ஸ் தெரியும்" என்று சந்துக்குள் ஒரு பேச்சும் பரவியது. பரப்பியது நான்தான்.

அந்தப் பேச்சை நம்பித்தான் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் எரியோட்டிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் படியேறி வந்தார்கள். அப்பா பெருமாள், தக்காளி விவசாயி. மகள் முத்துலட்சுமி, வேடசந்தூர் நூல் மில்லில் வேலை. முழங்கை இரண்டிலும் பச்சைக் காயம். அப்பாவின் கையில் மஞ்சப்பைக்குள் ஒரு வீடியோ கேமரா. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்தது, பெயர் தெரியாத ஏதோ கம்பெனி. அதன் குட்டித் திரை சிலந்தி வலை போல உடைந்திருந்தது.

"கடை கடையா ஏறி எறங்கிட்டோம் தாயி. பார்மட் போடவாங்கிறாக. போட்டா என்னாகும்னேன். உள்ள இருக்கதெல்லாம் போயிரும்ங்கிறாக. அப்பறம் எதுக்கு அதப் போடணும்?" என்றார் பெருமாள்.

கதை இதுதான். முந்தின நாள் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற பெண்கள் கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம். கடைசி ரெய்டுக்குப் போனவள் முத்துலட்சுமி. எதிரணியில் நாலு பேர் அவள் மேல் விழுந்து அமுக்கிவிட்டார்கள். அந்த அமுக்கத்துக்குள்ளேயே கையை நீட்டி அவள் நடுக்கோட்டைத் தொட்டிருந்தால், பிடித்த நாலு பேரும் அவுட், எரியோடு அணி ஜெயித்தது. தொடவில்லையென்றால் தோற்றது. தொடவில்லை என்று நடுவர் விசில் ஊதிவிட்டார். ஜெயித்த அணியிலிருந்துதான் மாவட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கிறோம், அதற்குப் பிறகு பெயர்கள் போய்விடும் என்று கமிட்டியில் சொல்லியிருந்தார்கள்.

"கை பட்டுச்சுக்கா. இந்தா, இந்த வெரலு" என்று நடுவிரலை நீட்டினாள் முத்துலட்சுமி. "கோட்டுச் சுண்ணாம்பு நகத்துக்குள்ள இருந்துச்சு. காட்டுனேன். புழுதின்னுட்டாரு."

"வீடியோ நீங்களே எடுத்தீங்களாய்யா?"

"நாந்தான். ஆனா..." பெருமாள் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். "கடசில சந்தோசத்துல கையத் தட்டிட்டேன்."

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே தட்டியிருக்கிறார். திரை உடைந்தது அப்படித்தான். கையைத் தட்டியது மகள் கோட்டைத் தொடுவதற்கு முன்பா பின்பா என்று அவருக்கே தெரியவில்லை. கேமராவில் தனிக் கார்டு கிடையாது, எல்லாம் உள்நினைவகத்தில். பரணில் இப்போது கிடைத்த இதே ஒயர் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

சொருகினேன். கேமராவில் ஒரு விளக்கு எரிந்தது, செத்த நேரத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. என் மிஷின் கறுப்புத் திரையில் வரி வரியாகப் புலம்பத் தொடங்கியது. நான் மிகவும் புரிந்தவள் போலத் தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

மேரி அக்கா பின்னாலிருந்து, "மூணு மணிக்குக் கரண்ட் போயிரும், பாத்துக்க" என்றார். மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் யூபிஎஸ் கரண்ட் போனதும் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும், கத்தி முடிப்பதற்குள் உயிரை விட்டுவிடும்.

புலம்பலை மறுபடி படித்தேன். ஒரே ஓர் எண் திரும்பத் திரும்ப வந்தது. அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, முடியவில்லை என்று. மேலே, கேமரா தன் மொத்த அளவாகச் சொன்ன எண்ணைப் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

எளிமையாகச் சொல்கிறேன். நினைவகம் என்பது வரிசையான அறைகள். கம்ப்யூட்டர் அவற்றைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். சொருகியதும், "உன் கடைசி அறையின் எண் என்ன?" என்று கேட்கும். அதற்கு இந்தக் கேமரா, மொத்தம் எத்தனை அறைகள் என்பதைச் சொல்லிவிடுகிறது. அதனால் ஓர் அறை கூடிப்போகிறது. கம்ப்யூட்டர் நேராகப் போய் இல்லாத அந்த அறைக் கதவைத் தட்டுகிறது. கேமரா பதில் சொல்லத் தெரியாமல் மூர்ச்சையாகிறது. படம் கெடவே இல்லை! எல்லா அறைகளிலும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கோணல் சாமான்களுக்கென்றே லினக்ஸில் ஒரு வசதி உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். சாமானைச் செய்த கம்பெனியின் எண், மாடலின் எண், பக்கத்தில் ஓர் எழுத்து. 'சி' என்று போட்டால், "இது சொல்வதில் ஒன்றைக் குறைத்துக்கொள்" என்று பொருள். எழுதினேன். சொருகினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது.

முத்துலட்சுமி தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கரண்ட் போனது. ஆட்டுக்குட்டி கத்த ஆரம்பித்தது. மேரி அக்கா ஓடிப்போய் மற்ற மிஷின்கள் அத்தனையையும் அணைத்தார். "இருக்க உசுரெல்லாம் உனக்குத்தான், சீக்கிரம்!"

அந்தக் கத்தலில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. யூஎஸ்பி நினைவகங்களைக் கவனிக்கிற நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுதிய வரியை அது படிக்கவே இல்லை. அதை வெளியேற்றிவிட்டு மறுபடி உள்ளே அழைக்க வேண்டும். வெளியேற்றினேன். அழைத்தேன். கேமராவைச் சொருகினேன்.

விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. திரையில் ஒரு சின்னப் படம் முளைத்தது.

வீடியோவை மிஷினுக்குள் இழுத்துப் போட்டு ஓட்டினேன். புழுதி, கூச்சல், கால்கள். முத்துலட்சுமி பாடிக்கொண்டு போகிறாள், திரும்புகிறாள், நாலு பேர் மேலே விழுகிறார்கள். பெருமாள் என் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் குவியலின் அடியிலிருந்து ஒரு கை வருகிறது. ஊர்கிறது. நடுவிரல் வெள்ளைக் கோட்டின் மேல் படிந்து, கொஞ்சம் சுண்ணாம்பைக் கிளறுகிறது. அதற்குப் பிறகு விசில். அதற்கும் பிறகு வானம், ஒரு வேப்பமரம், பெருமாளின் வேட்டி, இருட்டு.

"நாந்தான் புடிச்சேன்! நாந்தான் புடிச்சேன்!" என்று பெருமாள் குதித்தார். பூனை ஜன்னல் வழியே வெளியேறியது. முத்துலட்சுமி என்னைக் கட்டிப்பிடித்தாள். நூல் மில்காரி பிடித்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எதிரணி நாலு பேர்மீதும் எனக்கு இரக்கம் வந்தது.

யூபிஎஸ் சாகுமுன் சிடியில் ஏற்றிவிட்டோம். கடையைப் பூட்டிக்கொண்டு மேரி அக்காவும் நானும் ஸ்கூட்டியில், அவர்கள் பின்னால் டிவிஎஸ் ஃபிஃப்டியில். கமிட்டி அறைப் பக்கம் கரண்ட் இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டரில் நடுவரே உட்கார்ந்து பார்த்தார். ஓட்டிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து முத்துலட்சுமி முன்னால் வந்து நின்றார்.

"நான் நின்ன பக்கம் மறைச்சிருச்சும்மா. பட்டிருக்கு. உங்க டீமுதான் ஜெயிச்சது."

முத்துலட்சுமி மாவட்டத்துக்கு ஆடினாள், அப்புறம் மாநிலத்துக்கும். இன்று ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர்.

எனக்கும் அன்று கிறுக்குப் பிடித்திருந்தது. லினக்ஸை எழுதுகிறவர்களுக்கே என் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு மெயில் போட்டேன். கேமராவின் எண்கள், அது சொல்லும் தப்பு, நான் கண்ட வழி. எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் நன்றி சொல்லி, சேர்த்துவிட்டதாக இரண்டு வரியில் பதில் எழுதினார். அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. மேரி அக்கா பதிலை அச்செடுத்து ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலே ஒட்டினார்.

அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். மேரி அக்கா மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். கபடி நடந்த மைதானத்தில் பிளாட் கற்கள் நட்டிருக்கின்றன. பெருமாளின் கேமரா அடுத்த மழைக்கே ஓய்ந்துபோனது, அதைச் செய்த கம்பெனியையும் தேடிப் பார்த்தேன், காணோம். ஆனால் உலகத்தில் எங்கே லினக்ஸ் ஓடினாலும் அதன் வயிற்றுக்குள் அந்த ஒற்றை வரி இன்னும் இருக்கிறது. இனி எவரும் கொண்டுவந்து சொருகப்போகாத ஒரு கேமராவுக்காக, ஒன்றைக் குறைத்துக்கொள்ளத் தயாராக.