கலா இல்லாமல் வருகிற ராயா

காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வார்டின் பொறுப்பாளர் சிஸ்டர் நோர்ஹயாத்தி வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வேலையைக் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன், வாங்கிப் பார்த்ததில்லை. "கலா போயிட்டா. அவ வீட்டுக்காரர் போன் பண்ணாரு" என்று மலாயில் சொன்னார். ஓய்வு நாளில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

சிங்கப்பூரிலும் சவூதியிலும் இருக்கிற நம் பேட்ச் தோழிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சவப்பெட்டியில் அவளைப் பார்க்க உங்களில் பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரியும். நர்ஸ் வேலையில் லீவு கேட்டுப் பார்த்த யாரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது ஜொகூர் பாருவில் அந்த வார்டு எப்படி இருந்தது, ஞாபகமிருக்கிறதா? மலாய்க்காரர்கள், சீனர்கள், நாம் என்று கலந்து இருந்தோம். மலாய்க்காரர்களின் நோன்புப் பெருநாளான ராயாவுக்கு நாமும் சீனப் பெண்களும் வார்டைப் பார்த்துக்கொள்வோம். தீபாவளிக்கு மலாய் அக்காமார்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த பழக்கமில்லை. பிறகு சீனப் பெண்கள் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். நீங்கள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும், சிலர் சவூதிக்கும் போனீர்கள். கடைசியில் தமிழில் பேசிச் சண்டை போட கலாவுக்கு நானும் எனக்குக் கலாவும்தான் மிச்சம்.

புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் கலா எட்டி எட்டிப் பார்ப்பாள். தமிழ்ப் பிள்ளை என்றால் அன்றைக்கு முறுக்கு டப்பா திறக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அந்தப் பிள்ளையும் கிளம்பிவிடும். "போகட்டும்டி, வீட்டுக் கடன் கட்ட வேணாமா?" என்பாள். ஒருவரையும் அவள் குறை சொல்லிக் கேட்டதில்லை. அவளைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டபோது மட்டும் பெரிதாகச் சிரித்தாள். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து பாலத்துல வரிசையில நிக்கணுமா? அலமாக், என்னால முடியாதுலா. எனக்குத் தூக்கம்தான் சொத்து." தியாகம் கியாகம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். அவளுக்குத் தூக்கம் பிடிக்கும், மாசாயில் இருக்கிற அவள் வீடு பிடிக்கும்.

ஆனால் வேலைக்கு வந்துவிட்டால் ஒரு வாய் சோறுகூட யாரும் அவளை நிம்மதியாகத் தின்ன விடவில்லை. எந்த வார்டில் மலாய் புரியாத தமிழ் நோயாளி வந்தாலும் "காக் கலாவை அனுப்புங்க" என்று போன் வரும். காக் என்றால் மலாயில் அக்கா. ஒருநாள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவள் அப்படியே மூடிவிட்டு எழுந்தாள். "என் பேஷண்டுகளையும் சேத்துப் பாத்துக்கடி. கீழ பொந்தியான்லேர்ந்து வந்த தாத்தா ஒருத்தரு எதைக் கேட்டாலும் 'ஓகே, ஓகே'ங்கிறாராம். அது ஓகே இல்ல." நான் முணுமுணுத்துக்கொண்டே அவளுடைய நோயாளிகளையும் பார்த்தேன். தாத்தா அவளிடம்தான் வாயைத் திறந்தார். நெஞ்சுவலி இடது கைக்கு இறங்குகிறதாம், டாக்டருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். அன்று கலா சாப்பிடவில்லை. அதற்காக அவளைத் திட்டினேன், இப்போதும் திட்டுகிறேன்.

போன ராயாவுக்கு நானும் அவளும் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்து ஓய்ந்துபோனோம். கால் வீங்கிப் போய், "இனிமே இது வேணாம்டி, சிஸ்டர்கிட்ட சொல்லிடலாம்" என்றேன். கலா யாரோ கொண்டுவந்து வைத்திருந்த கோழி ரெண்டாங் கறியைத் தொட்டு, மூங்கிலில் சுட்ட லெமாங் சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். "நம்ம தீபாவளிக்கு வீட்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சோம்ல? அப்ப இங்க யாரு நின்னா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

சாவு வீட்டுக்கு வார்டே வந்திருந்தது, ஷிப்டில் இருந்தவர்களைத் தவிர. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ராயாவுக்கு நீ லீவு எடுத்துக்கோ. ஒருத்தியா உன்னால முடியாது. நாங்களே சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாத்துக்கிறோம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் எங்கள் வார்டு நர்ஸ் ஐனா நின்று அழுதுகொண்டிருந்தாள். கிளந்தானிலிருந்து வந்த பெண், நானும் கலாவும் மட்டும் போதாமல் அவளும் ஷிப்டில் நின்றதில், அம்மாவோடு ராயா கொண்டாடி மூன்று வருஷமாகிறது. சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அழுகை நின்று போயிற்று. அவள் பேர் விழுந்தால் இந்த ராயாவுக்கும் ஊருக்குப் போக முடியாது. எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"முதல் நாள் காலை ஷிப்ட் என்னுது, சிஸ்டர். மத்ததுக்குக் குலுக்குங்க" என்றேன்.

பெரிய மனசு என்று யாரும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்காரர் என்னையும் பாலம் தாண்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒருநாள் நானும் தாண்டலாம். அது வரைக்கும் கலாவிடமிருந்து எனக்கென்று சொத்தாகக் கிடைத்தது அந்த ஒரு காலை ஷிப்ட்தான். வேறு யாரும் அதற்குப் போட்டிக்கு வரவில்லை. கால் வலிக்குதடி, கலா. வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் போவேன். ஆனால் போவேன்.